1941-இல் கேட்கப்படாத பதின்மூன்றாவது கோரிக்கை



தேர்தல் வந்தால் தோட்டத்துக்குத் தார்ச்சாலை வரும் என்று நம்மவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையாகச் சொன்னாலும் அதற்குள் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, உலு சிலாங்கூர் என்று வட சிலாங்கூர் முழுக்கப் பரந்து கிடந்த தோட்டங்களின் வரலாறு அது. நாட்டு அரசியலும் உலக அரசியலும் தமக்குச் சம்பந்தமில்லாதவை என்று தோட்டத்து மக்களில் பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் லண்டனில் எடுத்த முடிவும், டெல்லியில் போட்ட தடையும், தோக்கியோவில் தீட்டிய போர்த்திட்டமும், கோலாலம்பூரில் நிறைவேறிய சட்டமும் கடைசியில் வந்து நின்ற இடம் நம் லயத்து வாசல்தான். அந்த வரலாற்றைச் சற்று முறையாகப் பார்த்து, இன்றைக்கு நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சிந்திக்கலாம் என்று எண்ணுகிறேன்.

ஆற்றங்கரையில் வந்திறங்கிய உலகம்

கோலசிலாங்கூர் உலக அரசியலுக்குப் புதிய ஊரன்று. 1784-இல் டச்சுக்காரர்கள் மலாவாத்தி குன்றின் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். ஐரோப்பிய வணிகப் போட்டி இந்த ஆற்று முகத்துவாரத்தை அன்றே தேடி வந்துவிட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து அதே சிலாங்கூர் ஆற்றங்கரைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். அவர் பெயர் ஆன்றி ஃபொக்கோனியே. ரந்தாவ் பாஞ்சாங் என்ற இடத்தில் ரப்பர் தோட்டம் போட்டார். சுமத்ராவிலிருந்து கொண்டுவந்த செம்பனை விதைகளை முதலில் அழகுக்காக நட்டார். பிறகு 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார்.

அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். நம் தமிழ்ச் சொல்தான். இன்றைக்கு மலேசியப் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்கும் தூண்களில் ஒன்றான செம்பனைத் தொழில், தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு தோட்டத்தில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? ஃபொக்கோனியே பின்னாளில் மலாயாவைப் பின்னணியாகக் கொண்டு ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றார். தோட்டத்தை உருவாக்கியவரின் பெயர் பாரிஸ் வரைக்கும் போனது. காட்டை அழித்துக் கன்று நட்டவர்களின் பெயர்கள் செக்ரோல் புத்தகத்தோடு போயின.

சந்தை விலையும் நம் பயணச்சீட்டும்

ரப்பர் விலை ஏறும்போது நம் முன்னோர்கள் கப்பலில் வந்தார்கள். விலை இறங்கும்போது கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ஐ ஒட்டி முடிவுக்கு வந்தது. பிறகு கங்காணி முறையே பெருவழியானது. 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்ததும் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயார்க் நகரத்தை வாழ்நாளில் பார்த்திராதவர்கள், அந்த நகரத்துச் சரிவின் காரணமாக மூட்டை கட்டினார்கள்.

1930-களின் பிற்பகுதியில் இந்திய அரசு சார்பில் சீனிவாச சாஸ்திரி வந்து தோட்ட நிலைமைகளை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1938-இல் தோட்ட முதலாளிகள் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தபோது, இந்திய அரசு உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதற்கே தடை விதித்தது. இந்தத் தடையின் விளைவை நாம் கவனிக்க வேண்டும். அதுவரை ஆள் வேண்டுமென்றால் கப்பலில் புதிதாக ஆள் வந்துகொண்டே இருந்தது. தடை வந்த பிறகு, இங்கே இருப்பவர்களைக் கொண்டுதான் தோட்டத்தை நடத்தியாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. தோட்டப் பாட்டாளியின் கைக்கு முதன்முறையாகப் பேரம் பேசும் வலிமை வந்தது.

கிள்ளான் எழுச்சி

அந்த வலிமை 1941-இல் வெளிப்பட்டது. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்குக் கிராக்கி கூடியிருந்தது. அமெரிக்காவுக்கு மலாயா ரப்பரை விற்றுக் கிடைத்த டாலரை நம்பி பிரிட்டன் போரை நடத்திக்கொண்டிருந்தது. விலைவாசி ஏறியது, கூலி அதற்கு ஏற்ப ஏறவில்லை. ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழ்த் தொழிலாளிக்கு அதைவிடக் குறைந்த கூலி என்ற நிலை வேறு.

கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் என்பவர் தொழிலாளர்களைத் திரட்டினார். அவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய பத்திரிகையாளர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் அவரோடு ஒய்.கே. மேனன் போன்றோர் இருந்தார்கள். தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களாகிய நாம் இந்தச் செய்தியைப் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும். உலகச் செய்தியை மேசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒருவர், அந்தச் செய்தியின் பொருளைப் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். போரினால் ரப்பர் விலை ஏறுகிறது, அந்த ஏற்றத்தில் உனக்கும் பங்குண்டு என்பதே அதன் சாரம்.

அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்தார்கள். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தியருக்கும் சீனருக்கும் ஒரே கூலி வேண்டும். முரட்டுத்தனமாக நடத்தும் அதிகாரிகளை நீக்கித் தமிழ் அறிந்தவர்களை அமர்த்த வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். வெள்ளைத் துரைகளும் அவர்களைப் போல நடந்துகொள்ளும் கறுப்புத் துரைகளும் எங்கள் பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்த வேண்டும். ஒழுங்கான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும். உறவினரும் நண்பரும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. குறையைச் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. எங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

பன்னிரண்டில் கூலி பற்றியது ஒன்றுதான். மற்றவற்றில் பல, மனிதனை மனிதனாக நடத்து என்று கேட்பவை. சைக்கிள் கோரிக்கையை இன்றைய இளைஞர்கள் கேட்டால் சிரிக்கக்கூடும். சிறுகச் சிறுகச் சேமித்து ஒரு சைக்கிள் வாங்கியவன், அதில் ஏறிப் போகும்போது எதிரே துரையின் கார் வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அவன் கேட்டது தன் சைக்கிளின் மீது அமர்ந்திருக்கும் உரிமை.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் திரண்டார்கள். வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிச் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1941 மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள், அல்லது நாடு கடத்தப்பட்டார்கள். நாதனும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஏழே மாதங்களில் ஜப்பானியர் வந்தார்கள். சைக்கிளைவிட்டு இறங்கு என்று அதட்டிய துரைகளில் பலர் சிறை முகாமுக்குப் போனார்கள். தோட்டத்து மக்களிலோ பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் ஓரத்தில் புதைந்துபோனவர்களுக்கு இன்றுவரை முழுமையான பெயர்ப் பட்டியல் கிடையாது.

முள்வேலிக் காலம்

போர் முடிந்ததும் தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. 1946-இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1948 ஜூனில் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தீவிரமான சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வட சிலாங்கூரிலேயே நடந்த ஒரு கொடுமையை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1948 டிசம்பரில் பத்தாங் காலிக்கு அருகே சுங்கை ரெமோக் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களை பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுடைய குடும்பத்தினர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீதி கேட்டு, லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். விசாரணை நடத்தும் கட்டாயம் பிரிட்டிஷ் அரசுக்கு இல்லை என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு பாதகமாக வந்தாலும், நடந்தது என்ன என்பது உலகறியப் பதிவானது. சொந்தக் கதையை ஆவணமாக்கி வைத்த மக்களுக்கு அந்த அளவு நியாயமாவது கிடைத்தது. மரண ரயிலுக்குப் போன நம்மவர்களின் கதையை நாம் அப்படிச் சேர்த்து வைத்தோமா என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1954-இல் பி.பி. நாராயணன் முயற்சியால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. சங்கம் வேண்டும் என்ற 1941-ஆம் ஆண்டுக் கோரிக்கை பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நாடளாவிய அளவில் நிறைவேறியது.

துண்டாடலும் சிவப்பு அடையாள அட்டையும்

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், காலனி ஆட்சி போகிறது என்று கண்ட வெள்ளை முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல் நம் வீட்டுச் சொல்லாக ஆனது அப்போதுதான். துண்டாடப்பட்ட தோட்டத்தில் பழைய ஆட்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லயத்து வீடும் இல்லை. இதற்கு மாற்றாக 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று தோட்டப் பாட்டாளிகளே பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. பால் வெட்டியவனே தோட்டத்துக்குப் பங்காளி ஆகலாம் என்று காட்டிய முயற்சி அது. அந்த வேகத்தில் நாடெங்கும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மை.

1969-ஐ ஒட்டி வேலை பெர்மிட் சட்டம் வந்தது. குடியுரிமை எடுக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள், பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே அந்நியர் ஆனார்கள். பல்லாயிரவர் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். ஒரு பாரத்தை நிரப்பாததால் ஒரு குடும்பம் இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. சுதந்திர நாட்டின் சட்டம் வாசலுக்கு வரும்போது அது எழுத்தில் வரும்; அதை எழுத்திலேயே எதிர்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை நம்மவர்கள் கடுமையான விலை கொடுத்துக் கற்றார்கள்.

லண்டனில் ஒரு காலைப்பொழுது

1981 செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில், பிரிட்டிஷ் நிறுவனமான கத்ரியின் பெரும்பான்மைப் பங்குகளை மலேசியாவின் பெர்மோடாலான் நேசனல் நிறுவனம் வாங்கி முடித்தது. ‘அதிகாலைத் தாக்குதல்’ என்று உலகம் அதைச் சொன்னது. ஒரு துப்பாக்கி வெடிக்காமல் பரந்த தோட்ட நிலங்கள் மலேசியர் கைக்கு வந்தன. நாட்டுக்கு அது பெருமையான நாள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் காலிட் இப்ராஹிம். பின்னர் அவர் கத்ரி நிறுவனத்துக்கே தலைமை ஏற்றார்.

தோட்டங்களின் உரிமையாளர் மாறினார். லயத்து வீடு மட்டும் பழைய நிலையிலேயே இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் வீடு முடிந்தது. 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் தண்ணீர், மின்சாரம், வீட்டின் அளவு ஆகியவற்றுக்கு விதிகளை வகுத்தது. அந்த வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் அது போகவில்லை.

தொண்ணூறுகளில் நாடு வேகமாக வளர்ந்தது. புத்ராஜெயா எழுந்தது. அதற்காகப் பிராங் புசார் முதலான நான்கு தோட்டங்களின் மக்கள் இடம் பெயர்ந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். வட சிலாங்கூரிலும் வீடமைப்புப் பகுதிகள், தொழிற்பேட்டைகள், நெடுஞ்சாலைகள் என்று தோட்ட நிலம் கைமாறியது. ரப்பருக்கு ஏற்பட்ட விலைச் சரிவைவிட நிலத்துக்கு ஏற்பட்ட விலை ஏற்றம் நம் மக்களைக் கடுமையாகத் தாக்கியது. உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தால் கூலி குறையும். நிலத்தின் விலை எழுந்தாலோ ஊரே காணாமல் போகும்.

ஈஜோக் 2007

இந்தப் பின்னணியோடுதான் ஈஜோக் இடைத்தேர்தலைப் பார்க்க வேண்டும். 2007 ஏப்ரல் தொடக்கத்தில் ம.இ.கா.வைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் காலமானார். ஏப்ரல் 28-இல் இடைத்தேர்தல் நடந்தது. ஏறத்தாழ 12 ஆயிரம் வாக்காளர்கள் கொண்ட சிறிய தொகுதி. அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேற்பட்டோர் இந்தியர்கள். ம.இ.கா. சார்பில் கே. பார்த்திபன் தேசிய முன்னணியின் வேட்பாளர். எதிரே கெஅடிலான் கட்சி வேட்பாளராக நின்றவர், லண்டனில் கத்ரியை வாங்கியவர்களில் ஒருவரான அதே காலிட் இப்ராஹிம்.

நாட்டின் துணைப் பிரதமரும், முன்னாள் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமும் அந்தச் சிற்றூர்ச் சாலைகளில் நேரில் வந்து பிரச்சாரம் செய்தார்கள். பல ஆண்டுகளாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த பாதைகள் மளமளவென்று தார் பூசிக்கொண்டன. பார்த்திபன் 5,884 வாக்குகளும் காலிட் 4,034 வாக்குகளும் பெற்றார்கள். 1,850 வாக்கு வித்தியாசத்தில் தேசிய முன்னணி வென்றது.

அதே ஆண்டு நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணி நடந்தது. பிரிட்டிஷ் அரசியாருக்கு மனு கொடுக்கவென்று மக்கள் திரண்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாட்டைவிட்டுப் போன ஓர் அரசிடம் இப்போது கணக்குக் கேட்பது எதற்காக என்று சிலர் நகைத்தார்கள். கணக்கு லண்டனுக்கு எழுதப்பட்டிருந்தாலும், அதைக் கோலாலம்பூர் படித்தது. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் அதே ஈஜோக்கில் காலிட் இப்ராஹிம் வென்றார். சிலாங்கூர் சட்டமன்றத்தின் 56 இடங்களில் 36 எதிரணிக்குக் கிடைத்தன. அவர் மந்திரி புசார் ஆனார். தார் பூசிய சாலைக்குப் பதினொரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பக்கத்தில் உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியை அதே தேர்தலில் கெஅடிலான் 198 வாக்குகளில் பிடித்தது. 2010 ஏப்ரலில் அங்கே இடைத்தேர்தல் வந்தபோது ம.இ.கா.வின் பி. கமலநாதன் 1,725 வாக்குகளில் மீட்டார். இந்த எண்களில் எந்தக் கட்சி வாழ்ந்தது, எந்தக் கட்சி வீழ்ந்தது என்பதற்கு அப்பால் ஒன்றைப் பார்க்கிறேன். 198, 1,725, 1,850 ஆகிய வித்தியாசங்கள் எல்லாம் சில தோட்டங்களின் வாக்குச்சாவடிகளுக்குள் அடங்கிவிடக் கூடியவை. தோட்டத்து வாக்கு இங்கே தராசு முள்ளாக இருந்தது. அந்த முள்ளைக் கையில் வைத்திருந்தவர்கள் அதற்கு ஈடாக எதைப் பெற்றார்கள் என்பதே என் கேள்வி.

பன்னிரண்டையும் கணக்குப் பார்ப்போம்

1941-இன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இன்று கணக்குப் பார்க்கலாம். சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிந்தது. உறவினர் வந்துபோகத் தடையில்லை. சங்கம் கிடைத்தது. வேலை நேரத்துக்குச் சட்டம் வந்தது. இனம் பார்த்துக் கூலி கொடுப்பது போயிற்று. நாட்கூலியாகவும் உலக விலையைப் பொறுத்தும் ஊசலாடிய வருமானத்துக்கு, 2013-இல் 900 வெள்ளி என்று தொடங்கிய தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் ஒரு தரையைப் போட்டது. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளி ஆனது. கள்ளுக்கடைகள் மறைந்தன, அந்த இடத்தில் சம்சு வந்து இன்னும் பெரிய கேட்டைச் செய்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்விக் கோரிக்கையில் பாதிதான் நிறைவேறியது. தோட்டங்கள் மறைந்தும் தோட்டத்துப் பள்ளிகள் நிற்கின்றன. தென்னமரம், புக்கிட் ஈஜோக், சிலாங்கூர் ரிவர், ராஜா மூசா என்று தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளை இந்த வட்டாரத்தில் காண்கிறோம். ஆனால் இத்தகைய பள்ளிகள் பலவும் ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்ற முத்திரையோடு நீண்ட காலம் முழு மானியம் பெறாமல் இருந்ததற்குக் காரணம் என்ன? பள்ளி நின்ற நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தது. மறுபடியும் நிலம்.

இங்கேதான் பதின்மூன்றாவது கோரிக்கைக்கு வருகிறோம். 1941-இன் பன்னிரண்டு கோரிக்கைகளில் வீடு பற்றியோ நிலம் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஏன் இல்லை? அன்றைய தலைவர்களைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. உயிரையே கொடுத்துக் கேட்டவர்கள் அவர்கள். என் கணிப்பு இதுதான்: பாதி மனம் ஊரில் இருந்தது. இன்னொரு பக்கம், ரப்பர் மரம் உள்ளவரை லயம் இருக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. தோட்டத்தைவிட்டுத் துரை போவான், தோட்டமே போய்விடும் என்று யார் நினைத்திருக்க முடியும்? கேட்காமல் விட்ட அந்த ஒன்றுதான், பின்வந்த மூன்று தலைமுறைகளின் மிகப் பெரிய வழக்காக ஆனது.

உலு சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் இதற்குக் கண்கண்ட சாட்சி. சொந்த வீடு என்ற வாக்குறுதிக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். அதற்குள் எத்தனை பொதுத்தேர்தல்கள் வந்து போயின! அண்மை ஆண்டுகளில் மத்திய அரசும் சிலாங்கூர் அரசும் சேர்ந்து அவர்களுக்குத் தரைவீடு கட்டித்தர முன்வந்தன. 2024 மே மாதம் கோலகுபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தலிலும் அந்த வீடுகள் பேச்சுப் பொருளாயின. கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் வழி கண்டார்கள். எனினும், கேட்கத் தொடங்கியபோது இளைஞராக இருந்தவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

இன்று அந்த லயத்தில் இருப்பவர் யார்?

நம் பேச்சு இத்துடன் முடிந்தால் அது முழு வரலாறாக இராது. நம்மவர்கள் விட்டுப்போன வேலைகளில் இன்று இந்தோனேசியர், வங்காளதேசி, நேபாளி என்று பலர் இருக்கிறார்கள். நம்மில் தோட்டத்தில் எஞ்சியிருப்பவர்களுக்கு அவர்கள் பக்கத்து வீட்டார். அவர்களால்தான் கூலி ஏறவில்லை என்று சலித்துக்கொள்வோரும் உண்டு.

2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டின் பேரில் மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. கடப்பிதழைப் பிடித்து வைத்தல், ஆள் பிடிக்கும் முகவருக்குப் பட்ட கடன், இருப்பிடத்தின் நிலை ஆகியவை கேள்விக்கு உள்ளாயின. தடை பெற்றவற்றில் ஒன்றான சைம் டார்பி பிளாண்டேஷன், தொழிலாளர்கள் கட்டிய முகவர் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023-இல் அதன் மீதான தடை நீங்கியது. கத்ரியை உள்ளடக்கி 2007-இல் இணைந்து உருவான குழுமத்தின் தோட்டப் பிரிவு அது. 2024-இல் தன் பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்டது. லண்டனில் வாங்கிய பெயர் சுற்றி வந்து மறுபடியும் பலகையில் ஏறியிருக்கிறது.

முகவரிடம் பட்ட கடன், கையில் இல்லாத ஆவணம், வேலைக்குக் கட்டுப்பட்ட வீடு: இவை நமக்குப் பழக்கமான கதை அல்லவா? கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1941-இன் பட்டியலில் முதல் கோரிக்கை என்ன? ஒரே வேலைக்கு ஒரே கூலி. அன்று குறைந்த கூலிக்கு ஆள் நாம். குறைந்த கூலிக்கு ஓர் ஆள் கிடைக்கும்வரை மற்றவனின் கூலி உயராது என்பதை அன்றே நம் முன்னோர் கண்டு சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டியலை இன்று புதிதாக வந்தவனுக்கும் சேர்த்துக் கேட்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

நாம் செய்ய வேண்டியது

உலக அரசியல் பேசுவது பொழுதுபோக்கு என்று எண்ணாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் காடழிப்புத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததும், வாஷிங்டனில் ஒரு சுங்க உத்தரவு கையெழுத்தானதும் பெஸ்தாரி ஜெயா செம்பனைக் காட்டின் வரவு செலவைத் தொடும் செய்திகள். நாதன் செய்ததைப் போல அந்தச் செய்தியின் பொருளைப் பக்கத்து வீட்டாருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சியாயினும் சரி, மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் வீடும் பள்ளியும் கோயிலும் சுடுகாடும் நிற்கிற நிலம் யார் பெயரில் இருக்கிறது? அதை மாற்றித் தரும் பொறுப்பு மாநிலத்துடையதா, மத்திய அரசினுடையதா, நிறுவனத்துடையதா? எந்தத் தேதிக்குள் எழுத்தில் தருவீர்கள்? நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்குட்பட்டது என்பதையும் மறவாதீர்கள். கோலாலம்பூரைத் திட்டிவிட்டு ஷா ஆலமை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

அத்தோடு, உங்கள் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த லயம், எந்தத் தண்டல், எந்த ஆண்டில் யார் சயாமுக்குப் போனார், யார் சிவப்பு அட்டையோடு கப்பலேறினார் என்று எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, சங்கச் சந்தாப் புத்தகம், கூட்டுறவுப் பங்குச் சீட்டு எதையும் எரித்துவிடாதீர்கள். நாளைக்கு ஒரு வழக்கில் நாங்கள் இங்கே வாழ்ந்தோம் என்று சொல்லும் சாட்சி அதுவாகத்தான் இருக்கும்.

ஐந்து பேர் உயிர் கொடுத்துப் பன்னிரண்டு கோரிக்கைகளை நமக்கு விட்டுப் போனார்கள். பதின்மூன்றாவதை எழுத வேண்டியவர்கள் நாம். அதைத் தேர்தல் மேடையில் மற்றவர் வாயால் கேட்டு மகிழ்வதைவிட, நம் கையால் எழுதி, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம்.